எவர் கையில் துப்பாக்கி? எவருக்குச் சுதந்திரம்?

பெங்களூரின் கருத்தரங்கக் கூடங்களிலும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களின் உணவகங்களிலும் ஓர் ஒப்பீடு வாடிக்கையாகிவிட்டது. துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்கனுக்குப் பிறப்புரிமையாம். ஜப்பானியனுக்கு அது அருவருப்பாம். காலநிலை மாற்றம் ஐரோப்பியனுக்குச் சமயத்துக்கு நிகரான கவலையாம். இந்தியனுக்கோ வளர்ச்சிக்குப் பிறகுதான் மற்றெல்லாமாம். சுதந்திரம் என்ற சொல்லுக்கும் நாட்டுக்கு நாடு பொருள் வேறாம். இவற்றை அட்டவணையிட்டு, 'அவரவர் பண்பாடு அப்படி' என்று தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது.

இந்த அட்டவணையில் நாடுகள் இருக்கின்றன, வர்க்கங்கள் இல்லை. கருத்துகள் இருக்கின்றன, அக்கருத்துகளால் ஆதாயம் அடைகிறவர்கள் இல்லை. துப்பாக்கி, காலநிலை, சுதந்திரம் ஆகிய மூன்றும் பெங்களூரில் வெறும் கருத்துகளாக இருந்ததில்லை. 2017 செப்டம்பர் 5 அன்று ராஜராஜேஸ்வரி நகரில் தம் வீட்டு வாசலில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 பிப்ரவரி 13 அன்று காலநிலைச் செயல்பாட்டாளரான இளம்பெண் திஷா ரவியை டெல்லிக் காவல்துறை நகரின் வடபகுதியிலுள்ள வீட்டிலிருந்து கைது செய்து கொண்டுசென்றது. 2025 ஜூலை 15 அன்று, ஆயுத உற்பத்திக்கான தொழிற்பூங்கா என்ற பெயரில் தம் நிலத்தைப் பறிக்க வந்த மாநில அரசைத் தேவனஹள்ளி விவசாயிகள் பின்வாங்கச் செய்தனர். ஒப்பீடு செய்ய விரும்புகிறவர்கள் இந்த மூன்று நாள்களிலிருந்து தொடங்கலாம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'லிபரல்' என்ற சொல்லைத் தமிழில் தாராளவாதி என்று பெயர்ப்பது வழக்கம். அமெரிக்காவில் அச்சொல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டையும் காலநிலை நடவடிக்கையையும் ஆதரிப்பவரைக் குறிக்கிறது. ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சி என்பது பழமைவாதிகளின் கட்சி. அக்கட்சியின் பிரதமர் ஜான் ஹோவர்டுதான், 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, நாடு முழுவதும் கடுமையான துப்பாக்கிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றார். அதே ஹோவர்டு கியோட்டோ உடன்படிக்கையை ஏற்புறுதி செய்ய மறுத்தார். துப்பாக்கியைக் கைவிடச் சொல்ல முடிந்தவரால் நிலக்கரியைக் கைவிடச் சொல்ல முடியவில்லை. காரணம் அவரது மனப்பாங்கில் இல்லை. ஆஸ்திரேலிய ஆளும் வர்க்கத்தின் இலாபம் துப்பாக்கிக் கடைகளில் குவிந்திருக்கவில்லை, சுரங்கங்களில் குவிந்திருந்தது. 2012இல் நடைமுறைக்கு வந்த கரியமில விலை நிர்ணயத்தை இரண்டே ஆண்டுகளில் அதே கட்சியின் டோனி அபாட் ரத்து செய்ததும் அந்தச் சுரங்க இலாபத்துக்காகத்தான்.

பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் 1989இல் ஐ.நா. பொதுச் சபையில் புவி வெப்பமாதலைப் பற்றி எச்சரித்துப் பேசினார். இன்று பல சுற்றுச்சூழல்வாதிகள் அவ்வுரையைப் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். 1984-85இல் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை நசுக்கி, சுரங்கங்களை மூடி, ஊர்களையே வேலையற்ற ஊர்களாக்கியவரும் அவர்தான். நிலக்கரியை நிறுத்துவதற்கும் நிலக்கரித் தொழிலாளியை நிறுத்துவதற்கும் வேறுபாடு தெரியாத காலநிலைக் கொள்கை எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஊர்கள் இன்றும் சாட்சி.

சுவிட்சர்லாந்து இன்னும் விசித்திரமானது. கட்டாய ராணுவப் பணியாற்றுகிறவர்கள் ஆயுதத்தை வீட்டிலேயே வைத்திருக்கும் நாடு அது. அங்கும் 2019இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்குவதற்கு ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். 2024 ஏப்ரலில், மூத்த பெண்கள் தொடுத்த வழக்கில், காலநிலை விஷயத்தில் சுவிஸ் அரசு மனித உரிமையை மீறியிருக்கிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தது போதும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் இரண்டே மாதங்களில் பதில் சொல்லிவிட்டது. இதில் சுவிஸ் பண்பாடு எது? வழக்குத் தொடுத்த பாட்டிமார்களா, தீர்ப்பைப் புறந்தள்ளிய நாடாளுமன்றமா?

அமெரிக்காவுக்கு வருவோம். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் மாதக் கடைசியில் எட்டு நாள் இடைவெளிக்குள் மூன்று தீர்ப்புகளை வழங்கியது. ஜூன் 23: பொது இடத்தில் துப்பாக்கி ஏந்திச் செல்வது உரிமை என்று கூறி நியூயார்க் மாநிலத்தின் கட்டுப்பாட்டை ரத்து செய்தது. ஜூன் 24: கருக்கலைப்பு செய்துகொள்ளப் பெண்ணுக்கு இருந்த அரசியல் சட்டப் பாதுகாப்பைப் பறித்தது. ஜூன் 30: மின் நிலையங்களின் கரிம உமிழ்வைக் கட்டுப்படுத்த சுற்றுச்சூழல் முகமைக்கு இருந்த அதிகாரத்தை வெட்டியது. துப்பாக்கிக்கு விடுதலை, புகைபோக்கிக்கு விடுதலை, பெண்ணுக்கு மட்டும் விலங்கு! மூன்று தீர்ப்புகளுக்கும் சுதந்திரம் என்ற ஒரே சொல்லைத்தான் அமெரிக்க வலதுசாரிகள் பயன்படுத்தினார்கள். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்றவுடனேயே பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகும் ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டதும் அச்சொல்லின் நிழலில்தான்.

அமெரிக்கரின் துப்பாக்கிப் பற்று அவர்களின் இரத்தத்தில் ஊறியது என்பவர்கள் 1967ஐ மறந்துவிடுகிறார்கள். கருஞ்சிறுத்தைக் கட்சியின் கறுப்பின இளைஞர்கள் காவல்துறையின் அட்டூழியங்களைக் கண்காணிக்க, சட்டம் அனுமதித்தபடியே, குண்டு நிரப்பிய துப்பாக்கிகளோடு ஓக்லாந்துத் தெருக்களில் நடந்தார்கள். உடனே கலிஃபோர்னியாவில் அதைத் தடுக்கும் முல்ஃபோர்டு சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர், பிற்காலத்தில் துப்பாக்கி ஆர்வலர்களின் நாயகனாக விளங்கிய ரொனால்டு ரீகன். தேசியத் துப்பாக்கிச் சங்கமும் அச்சட்டத்தை ஆதரித்தது. கறுப்புக் கை தொட்டவுடன் பிறப்புரிமை குற்றமாகிவிட்டது.

இந்தியாவிலும் இந்தக் கணக்கு புதிதல்ல. 1857 எழுச்சிக்குப் பின் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்த ஆங்கிலேயர், 1861இல் குடகு மக்களுக்கு மட்டும் விலக்களித்தார்கள். எழுச்சிக் காலத்தில் காட்டிய விசுவாசத்துக்கான பரிசு அது. அவ்விலக்கை அறிவித்தவர் மைசூர் ஆணையர் மார்க் கப்பன்; பெங்களூர்க்காரர்கள் நாள்தோறும் காலை நடை போகும் கப்பன் பூங்காவின் பெயருக்குரியவர். பின்னர் 1878இல் வைஸ்ராய் லிட்டன் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கோரியது, ஐரோப்பியருக்கு விலக்கு. வட்டாரமொழிப் பத்திரிகைச் சட்டம் இந்திய மொழி ஏடுகளின் வாயைக் கட்டியது. ஆங்கில ஏடுகளுக்கு விலக்கு. துப்பாக்கியும் எழுதுகோலும் எவர் கையில் இருக்கலாம் என்பதை ஒரே ஆண்டில் ஒரே கை எழுதியது. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு சில ஆண்டுகளில் நீக்கினார். ஆயுதச் சட்டம் நீடித்தது.

ஆகவேதான் விடுதலை இயக்கத்தின் கோரிக்கைகளில் ஆயுதமும் இடம்பெற்றது. அகிம்சையின் திருவுருவாகப் போற்றப்படும் காந்தியார் 1930இல் இர்வின் பிரபுவிடம் வைத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் ஒன்று. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் அதை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே சேர்த்தது, ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இவ்வுரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஆயுதத்தை எல்லோருக்குமான உரிமையாக்கினால் இந்தியக் கிராமத்தில் அது எவர் கைக்குப் போய்ச் சேரும் என்பதை அறிய அவருக்கு மேலைநாட்டு நூல்கள் தேவைப்பட்டிருக்காது. இருபது ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் மிராசுதார்களின் கும்பல் துப்பாக்கிகளோடு வந்தது. ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. வசதி படைத்த நிலவுடைமையாளர்கள் தாமே நடந்துசென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது சென்னை உயர் நீதிமன்றம். அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள்.

குடகின் விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கொடவ மக்களின் திருநாள்களில் துப்பாக்கிக்கு உள்ள இடத்தை இகழ்வது எவருடைய நோக்கமும் அன்று. கேள்வி வேறு. அதே குடகில், 2016 டிசம்பரில், திட்டள்ளியில் 500க்கும் மேற்பட்ட பழங்குடிக் குடும்பங்களின் குடிசைகள் வனத்துறையால் இடித்துத் தள்ளப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் காப்பித் தோட்டங்களில் உழைத்த எரவர்களுக்கும் குறும்பர்களுக்கும் ஒரு குடிசை போட்டுக்கொள்ளும் விலக்கு எந்த ஆணையிலும் இல்லை. 2022 மே மாதம் அதே மாவட்டத்தின் பொன்னம்பேட்டையில் பஜ்ரங் தளம் நடத்திய முகாமில் இளைஞர்கள் காற்றுத் துப்பாக்கிகளோடும் திரிசூலங்களோடும் நின்ற படங்கள் வெளிவந்தன. அவ்வாண்டின் டிசம்பரில் சிவமொக்காவில் பாஜக நாடாளுமன்ற உறுப்பினர் பிரக்யா தாக்கூர், வீட்டுக் கத்தியைக் கூராக வைத்திருங்கள் என்று இந்துக்களுக்கு அறிவுரை கூறினார்.

கௌரி லங்கேஷின் கொலைக்கும் துப்பாக்கி உரிமம் பற்றிய எந்த விவாதத்துக்கும் தொடர்பில்லை. அவரைக் கொன்றது நாட்டுத் துப்பாக்கி. 2015 ஆகஸ்டில் தார்வாடில் கன்னட அறிஞர் எம்.எம்.கல்புர்கியைக் கொன்றதும் அதே துப்பாக்கிதான் என்று தடயவியல் ஆய்வை முன்வைத்துச் சிறப்புப் புலனாய்வுக் குழு கூறியது. அதற்கு முன் 2013இல் புனேயில் நரேந்திர தபோல்கர்; 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் தோழர் கோவிந்த் பன்சாரே. நால்வரும் எழுதியவர்கள், பேசியவர்கள், மக்கள் மொழியில் பேசியவர்கள். மராத்தியிலும் கன்னடத்திலும் பேசியதுதான் அவர்களை ஆபத்தானவர்களாக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். 1878இன் லிட்டனும் ஆங்கில ஏடுகளை விட்டுவிட்டுத்தான் மற்றவற்றின் மீது பாய்ந்தார். தபோல்கர் வழக்கில் 2024 மே மாதம் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கௌரி வழக்கில் பிணையில் வெளிவந்த இருவருக்கு 2024 அக்டோபரில் விஜயபுராவில் இந்துத்துவ அமைப்பினர் மாலையிட்டு வரவேற்பளித்தார்கள். விசாரணை முடியும் முன்பே மாலை விழுகிற நாட்டில், துப்பாக்கி குறித்த மக்களின் கருத்தை அளக்க வினாத்தாளோடு கிளம்புவது வீண் வேலை.

திஷா ரவியின் கைதுக்குப் பத்து நாள்களுக்கு முன்பு, 2021 பிப்ரவரி 3 முதல் 5 வரை, பெங்களூரின் எலகங்காவில் விமானக் கண்காட்சி நடந்தது. உலக ஆயுத வணிகர்கள் கடைவிரிக்கும் சந்தை அது. அங்கே 83 தேஜஸ் போர் விமானங்களுக்கு ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் கைமாறியது. அந்த ஓசை அடங்குவதற்குள் அதே நகரில் ஓர் இளம்பெண் தேசத் துரோகியானார். அவர் கையில் இருந்தது, விவசாயிகள் போராட்டத்துக்கு ஆதரவு திரட்டும் ஓர் ஆவணம். 'டூல்கிட்' என்ற சொல் அன்றைக்குத் தொலைக்காட்சிகளில் வெடிகுண்டின் பெயர்போல ஒலித்தது. தமிழில் அதைக் கருவிப்பெட்டி என்பார்கள், தச்சரிடமும் கொத்தனாரிடமும் இருப்பது. அரசின் காயம்பட்ட கர்வத்துக்கு மருந்திடத் தேசத்துரோகச் சட்டத்தைப் பயன்படுத்தலாகாது என்னும் கருத்தை எடுத்துக்காட்டி, பிப்ரவரி 23 அன்று டெல்லி நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. 124ஏ பிரிவை 2022இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் 152ஆம் பிரிவாக அது மறுபிறவி எடுத்துவிட்டது.

காலநிலைப் பேச்சு வெளிநாட்டுச் சதி என்பது ஒன்றிய ஆட்சியாளர்களின் வாதம். மேலைநாடுகள் செய்த பாவத்துக்கு இந்தியா ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவுக்குப் பொறுப்பாகும்போது ஓர் இந்தியரின் பங்கு ஏறத்தாழ 2 டன்தான். அந்த நியாயத்தைக் கேடயமாகத் தூக்கி அதன் பின்னால் ஒளிந்துகொள்பவர் யார் என்று பார்க்க வேண்டாமா? அந்த 2 டன் ஒரு சராசரி. ஒயிட்ஃபீல்டின் குளிரூட்டப்பட்ட மாடமாளிகையும் அதன் கழிவை அள்ளும் பௌரகார்மிகரின் தகரக் கூரையும் அதில் ஒன்றாகக் கலக்கப்பட்டிருக்கின்றன. 2024 கோடையில் பெங்களூர் மாநகரின் ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் பாதி வறண்டபோது, அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி வந்தது. குடிசைப் பகுதிகளில் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்று அன்றைய கூலியை இழந்தார்கள்.

இடதுசாரி அணிகளுக்குள்ளும் ஒரு சோம்பல் மனநிலை உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. காலநிலை என்பது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, கூலியும் நிலமும்தான் நம் கேள்விகள் என்று ஒதுக்குகிற மனநிலை அது. 2020இல் வெளிவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை அதற்கு நல்ல மறுப்பு. ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பைக் குறைக்கும் அவ்வரைவை எதிர்த்து மின்னஞ்சல் அனுப்பத் தூண்டிய இளைஞர்களின் இணையதளம் முடக்கப்பட்டது. ஊபா சட்டத்தைக் குறிப்பிட்டு டெல்லிக் காவல்துறை அறிவிப்பு அனுப்பிவிட்டுப் பின்னர் தவறுதலாக நேர்ந்தது என்றது. அதனினும் முக்கியம், வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளிவந்தது. எட்டாவது அட்டவணையின் எல்லா மொழிகளிலும் பெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. இறுதி அறிவிக்கை வெளியிடுவதற்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. போர் விமானம் வாங்கப் பணம் உண்டு. ஓர் அறிவிக்கையைத் தமிழிலும் கன்னடத்திலும் பெயர்க்க மனமில்லை. மொழிபெயர்த்தால் ஊர்க்காரன் படித்துவிடுவான் அல்லவா!

ஊர்க்காரன் படித்தால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடி காட்டியது. 2018 மே 22. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள் மீது காவல்துறை சுட்டது. 13 பேர் உயிரிழந்தார்கள். துப்பாக்கி, சுற்றுச்சூழல், சுதந்திரம் ஆகிய மூன்றும் ஒரே தெருவில் ஒரே மணி நேரத்தில் சந்தித்தன. காவல்துறை வரம்பு மீறியது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விரிவாகவே எழுதியது. துப்பாக்கி வன்முறை பற்றி ஒப்பிடுகிற அட்டவணைகளில் தனியார் துப்பாக்கிகள் மட்டும் எண்ணப்படுகின்றன. தூத்துக்குடியில் சுட்ட துப்பாக்கிகளுக்கு அங்கே கட்டம் இல்லை.

பெங்களூரில் இப்போது சுதந்திரத்துக்கென ஒரு முகவரி உண்டு: சுதந்திரப் பூங்கா. பழைய மத்தியச் சிறையை மாற்றி அமைத்த பூங்கா அது. அவசரநிலைக் காலத்தில் வாஜ்பாயும் அத்வானியும் அடைக்கப்பட்டிருந்த சிறை. 2021ஆம் ஆண்டின் ஆணைப்படி நகரில் ஆர்ப்பாட்டம் நடத்த வேண்டுமென்றால் அங்கே மட்டும்தான் நடத்தலாம். பாஜக ஆட்சியில் வந்த அவ்வாணையைக் காங்கிரஸ் ஆட்சி கைவிடவில்லை. சிறைக்குள் இருந்தவர்கள் அவசரநிலையை எதிர்த்துப் புகழ் பெற்றார்கள். அவர்களின் வாரிசுகள் மக்களின் முழக்கத்தை அதே மதிலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்தப் பூங்காவுக்கும் வந்தார்கள் தேவனஹள்ளி வட்டம், சன்னராயபட்டண ஹோபளியின் 13 கிராமத்து விவசாயிகள். விமான, பாதுகாப்புத் தளவாடத் தொழிற்பூங்காவுக்கென 1,777 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பு பாஜக ஆட்சியில் வந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது விவசாயிகளுக்கு ஆதரவு தெரிவித்த சித்தராமையா முதல்வரான பிறகும் அறிவிப்பு நீடித்தது. 2025 ஜூன் 25 அன்று போராடியவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது. விவசாய சங்கங்கள், தலித் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், எழுத்தாளர்கள், திரைக்கலைஞர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். 1,100 நாள்களுக்கும் மேல் நீண்ட போராட்டம் ஜூலை 15 அன்று வென்றது. உடனே ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ், எங்களிடம் நிலம் தயாராக இருக்கிறது என்று நிறுவனங்களை அழைத்தார்.

இங்கேதான் கடினமான கேள்வி எழுகிறது. அதைத் தவிர்த்துவிட்டுக் கைதட்டுவது நேர்மையாகாது. பெங்களூரின் எச்.ஏ.எல். தொழிலாளர்கள் ஆயுதம் செய்கிறவர்கள். 2019 அக்டோபரில் ஊதியத்துக்காக அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது செங்கொடிச் சங்கங்கள் துணைநின்றன. திருச்சியிலும் ஆவடியிலும் அருவங்காட்டிலும் படைக்கலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 2021இல் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாக உடைத்த மோடி அரசு, அவர்கள் வேலைநிறுத்தம் செய்யாதபடி தனிச்சட்டமே இயற்றியது. துப்பாக்கி செய்கிற கைக்குக் கூலி கேட்கும் சுதந்திரம் அன்று மறுக்கப்பட்டது. தேவனஹள்ளி விவசாயியின் கோரிக்கையும் எச்.ஏ.எல். தொழிலாளியின் வேலையும் மோதுவதாகக் காட்டி இருவரையும் பிரிப்பது ஆளும் வர்க்கத்துக்கு எளிது. தொழிற்பூங்கா வந்தால் உங்கள் பிள்ளைக்கு வேலை என்று அவர்களிடம் சொன்னவர்கள், பொதுத்துறையில் நிரந்தர வேலைகள் ஒப்பந்த வேலைகளாக மாறிக்கொண்டிருப்பதைச் சொல்லவில்லை. 1997 கியோட்டோ பேச்சுவார்த்தையில் அமெரிக்கா தன் ராணுவத்தின் வெளிநாட்டு நடவடிக்கைகளுக்கான உமிழ்வைக் கணக்கிலிருந்து விலக்கிக்கொண்டதையும், பாரிஸ் உடன்படிக்கையிலும் ராணுவ உமிழ்வைக் கணக்குக் காட்டுவது அரசுகளின் விருப்பத்துக்கே விடப்பட்டதையும் தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசியாக வேண்டும். பொதுத்துறையைக் காக்கும் போராட்டத்தையும், அங்கே எது உற்பத்தியாக வேண்டும் என்ற கேள்வியையும் ஒன்றாக எடுக்கத் தயங்கினால், அக்கேள்வியை அதானிகளும் அயல்நாட்டு ஆயுத நிறுவனங்களும் தம் வசதிப்படி முடித்துக்கொள்வார்கள்.

தேவனஹள்ளியின் அந்த ஊர்களில் திராட்சையும் காய்கறியும் கேழ்வரகும் விளைகின்றன. பெங்களூரின் சந்தைகளுக்கு அங்கிருந்துதான் வண்டிகள் வருகின்றன. கையகப்படுத்தலைக் கைவிட்ட அரசு, நிலத்தை விருப்பத்தோடு தரும் விவசாயிகளிடமிருந்து வாங்கிக்கொள்வோம் என்ற வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. தரகர்கள் ஊருக்குள் வருவார்கள். 13 கிராமங்களிலும் விவசாய சங்கக் கிளைகள் கலையாமல் இருக்க வேண்டும்; பெங்களூரிலும் ஓசூரிலும் உள்ள தமிழ்த் தொழிலாளர்களிடையே இப்போராட்டத்தின் வரலாறு தமிழில் போய்ச் சேர வேண்டும்; சுதந்திரப் பூங்காவுக்குள் போராட்டங்களை அடைக்கும் 2021 ஆணையைத் திரும்பப் பெறும் கோரிக்கை எல்லா இடதுசாரிக் கட்சிகளின் கூட்டுக் கோரிக்கையாக வேண்டும்.